காதுவில்லைக்குள் என்ன இருக்கிறது?

கேள்வி: 22 கறவை மாடுகளும் சில கன்றுகளும் வைத்திருக்கிறேன். ஆர்.எஃப்.ஐ.டி. காதுவில்லை போடச் சொல்கிறார்கள். அது எப்படி வேலை செய்கிறது? பேட்டரி மாற்ற வேண்டுமா? மேயப் போன மாடு தொலைந்தால் அதை வைத்துக் கண்டுபிடிக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். கண்டுபிடிக்க முடியாது. மாடு எங்கே நிற்கிறது என்று காட்டுவது ஜி.பி.எஸ். கழுத்துப்பட்டையின் வேலை. காதுவில்லை தன் எண்ணை மட்டும்தான் சொல்லும், அதுவும் ரீடரை, அதாவது எண்ணைப் படிக்கும் கருவியை, காதருகே கொண்டுபோனால்தான்.

பேட்டரி கிடையாது. உள்ளே இருப்பது முடி போல மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் ஒரு சின்னச் சில்லும் (சிப்) தான். ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே சுருளில் கொஞ்சம் மின்சாரம் உண்டாகும். அந்த நொடியில் சில்லு விழித்துக்கொண்டு எண்ணைத் திருப்பிச் சொல்லும். கால்நடைகளுக்குப் பெரும்பாலும் 134.2 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசைதான். சாணி, சேறு, ஈரம் எதுவும் அதைத் தடுக்காது. பல மீட்டர் தூரத்திலிருந்தே படிக்கக்கூடிய மிக உயர் அலைவரிசை (யு.எச்.எஃப்.) வில்லைகளும் உண்டு. ஆனால் அந்த அலையைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும், மாட்டின் உடம்பில் பெரும்பங்கு தண்ணீர்தானே.

எண் 15 இலக்கம். முதல் மூன்று நாட்டையோ தயாரிப்பாளரையோ குறிக்கும், மீதி 12 அந்த மாட்டுக்கே உரியது.

இதை வைத்து என்ன செய்யலாம்? கறவை இடத்தில் ரீடர் இருந்தால் இன்ன மாடு இத்தனை லிட்டர் கறந்தது என்று தானாகப் பதிவாகும். எடை மேடை, தீவனத் தொட்டி எல்லாவற்றிலும் இதே முறைதான். மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பால் தவறிப்போய்க் கேனில் கலந்துவிடாமல் எச்சரிக்கவும் வைக்கலாம். என்னைக் கேட்டால் இந்த ஒன்றுக்காகவே போடலாம். ஆனால் சினை ஊசி போட்ட தேதி, ஈன்ற தேதி, மருந்து இதையெல்லாம் நீங்கள் எழுதி வைத்தால்தான் எண்ணுக்கு உயிர் வரும். இப்போது நோட்டுப் போடும் பழக்கம் இல்லையென்றால், முதலில் நோட்டைத் தொடங்குங்கள். அப்புறம் வில்லை வாங்கலாம்.

குத்தும்போது கவனம் தேவை. காதின் நடுவில், இரண்டு குருத்தெலும்பு வரிகளுக்கு இடையில், ரத்தக் குழாயைத் தவிர்த்துக் குத்த வேண்டும். சில்லு உள்ள பாகம் காதின் உட்பக்கம் வரட்டும். ஊசிமுனையைக் கிருமிநாசினியில் நனைத்துக்கொள்ளுங்கள். கன்றுக்குக் காது வளரும், அதனால் விளிம்பை ஒட்டிப் போடாதீர்கள். புண் ஆறும்வரை தினமும் ஒரு பார்வை பாருங்கள். ஈ மொய்த்தால் உடனே மருந்து தடவுங்கள்.

இரும்புக் கம்பிக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தால் ரீடருக்கு எட்டும் தூரம் குறைந்துவிடும். ரீடர் வாங்கும்போது எஃப்.டி.எக்ஸ்-பி, எச்.டி.எக்ஸ் என்ற இரண்டு வகை வில்லைகளையும் படிக்குமா என்று கேட்டு வாங்குங்கள். வெளியிலிருந்து வாங்கிவரும் மாட்டின் காதில் எந்த வகை இருக்கும் என்று சொல்ல முடியாது.