பழைய டிப்பரும் மேற்குக் கொல்லையும்

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு மயிலம் பக்கம் நாலு ஏக்கர் செம்மண் கொல்லை, இரண்டு கறவை மாடு. என் மைத்துனர் எனக்குத் தரவேண்டிய பணத்துக்கு ஈடாக 2004 மாடல் ஆறு சக்கர டிப்பர் லாரியைக் கொண்டுவந்து களத்தில் நிறுத்திவிட்டார். எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறது, தொட்டி தூக்குகிறது, எஃப்.சி. (தகுதிச் சான்று) காலாவதி ஆகிவிட்டது. காயலாங்கடைக்காரர் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு விலை சொன்னார், கொடுக்க மனசு வரவில்லை. எருவும் ஏரி வண்டலும் அடிக்க வைத்துக்கொள்ளலாமா? தொட்டியில் சைலேஜ் (காற்றுப் படாமல் அடைத்துப் பதப்படுத்தும் பசுந்தீவனம்) போடலாம் என்கிறான் என் மகன். எஞ்சினில் பம்பு மாட்டலாம் என்கிறார் மெக்கானிக். இன்னொன்று: போன வைகாசியில் இதே வண்டியில் மேற்குக் கொல்லை ஒரு ஏக்கருக்குப் பதினாறு நடை வண்டல் அடித்தோம். கோடை மழை பெய்து ஈரமாக இருந்தது. தடம் விழக்கூடாது என்று ஒவ்வொரு நடைக்கும் வேறு பக்கமாக ஓட்டச் சொன்னேன். ஆடியில் போட்ட மல்லாட்டை (நிலக்கடலை) அந்த ஏக்கரில் மட்டும் குட்டை. மழை பெய்தால் தண்ணீர் நிற்கிறது, நாலு நாள் காய்ந்தால் செடி துவள்கிறது. கடையில் ஜிப்சமும் வேர் டானிக்கும் கொடுத்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. அந்த வண்டல் கெட்ட மண்ணோ?

பதில்: வணக்கம். கடிதத்தில் முக்கால் பங்கு லாரியைப் பற்றி எழுதிவிட்டு, கடைசியில் "இன்னொன்று" என்று ஒரு ஏக்கரைச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை அந்த இன்னொன்றில்தான். இருந்தாலும் லாரி களத்தில் நிற்கிறது, அதை முதலில் முடித்துவிடுவோம்.

எஃப்.சி. இல்லாத, இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை ஊர் ரோட்டில் அரை கிலோமீட்டர்கூட எடுக்காதீர்கள். ஏரியிலிருந்து உங்கள் கொல்லைக்கு வர ரோட்டைத் தொட்டுத்தானே ஆகவேண்டும்? யார் மீதாவது உரசினால் நஷ்டஈடு உங்கள் நிலத்தின் தலையில் வரும். பதினைந்து வருஷம் தாண்டிய கனரக வண்டிக்கு எஃப்.சி. கட்டணம், பிரேக் வேலை, டயர் என்று கூட்டிப் பாருங்கள். பிறகு வண்டல் கணக்கைப் பாருங்கள். அரசு விதிப்படி புன்செய்க்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர், நன்செய்க்கு 75 கன மீட்டர் வரை வண்டல் இலவசம். 2024-லிருந்து வட்டாட்சியரே அனுமதி கொடுக்கிறார். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். இரண்டு யூனிட் வண்டிக்கு 90 கன மீட்டர் என்றால் பதினாறு நடை. நாலு ஏக்கருக்கும் சேர்த்து அறுபத்து நாலு நடை, அதுவும் எப்போதோ ஒருமுறை. இதற்காக ஒருவர் சொந்தமாக லாரி வைத்துக்கொள்வது, வருஷத்துக்கு ஒரு கல்யாணத்துக்காகச் சமையல்காரரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வது மாதிரி.

எஞ்சினில் பம்பு வேண்டாம். ஆறு சிலிண்டர் எஞ்சினை ஐந்து குதிரைத்திறன் பம்புக்கு ஓட்டினால் டீசல் போகிற வேகத்தில் கிணற்றுத் தண்ணீரை விலைக்கு வாங்கிவிடலாம். மெக்கானிக்குக் கூலி கிடைக்கும், அவர் சொல்லத்தான் செய்வார்.

சைலேஜ் யோசனை கெட்டதில்லை, உங்கள் மாட்டு எண்ணிக்கைக்குத்தான் பொருந்தாது. 12 அடி நீளம், 7 அடி அகலம், இரண்டரை அடி உயரத் தொட்டியில் நன்றாக மிதித்து அடைத்தால் மூன்று டன் பிடிக்கும். மாடு ஒன்றுக்கு 15 கிலோ என்றால் இரண்டு மாட்டுக்கு நாளைக்கு 30 கிலோ. பிரித்த முகத்திலிருந்து தினம் ஒன்றரை அங்குலம்கூட வெட்டமாட்டீர்கள். காற்றுப் பட்ட சைலேஜ் அதற்குள் சூடேறிப் பூசணம் பிடித்துவிடும். ஐந்தாறு மாடு இருந்தால் செய்யலாம். இரண்டு மாட்டுக்கு டிரம்மோ, தடித்த பாலித்தீன் பையோ போதும். மகனிடம் சொல்லுங்கள், யோசித்ததற்குப் பாராட்டும் சொல்லுங்கள்.

என் பரிந்துரை இதுதான்: தொட்டியை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு மற்றதை விற்றுவிடுங்கள். தொட்டியை மாட்டுக்கொட்டகையின் தாழ்வான பக்கத்தில், கோமியம் வடிகிற வாட்டத்தில், தரையோடு தரையாகப் பதித்து மேலே கீற்றுக் கூரை போடுங்கள். சாணம், தின்று கழித்த தட்டை, கோமியம் எல்லாம் அதில் போகட்டும். இரண்டு மாட்டுக்கு மூன்று மூன்றரை மாதத்தில் நிரம்பும். பின்கதவுப் பக்கம் மட்டும் மண்ணைச் சரித்து விட்டால், கதவைத் திறந்து வாருவது சுலபம். தழைச்சத்து வெயிலிலும் மழையிலும் போகாது. துருப் பிடிக்கும்தான், பிடிக்கட்டும், தடித்த தகடு பல வருஷம் வரும். அதற்கு முன்னால் அந்தத் தொட்டி எதை எதை ஏற்றியது என்று மைத்துனரிடம் கேளுங்கள். கட்டட இடிபாடும் ஜல்லியும் என்றால் கழுவிவிட்டால் சரி. ரசாயனக் கழிவு ஏற்றியிருந்தால் தொட்டியும் போகட்டும்.

தொட்டியைத் தூக்கிவைத்துக்கொண்டு அடியில் கழற்றும் வேலையை மட்டும் நீங்களே செய்யாதீர்கள். இருபது வருஷ ஜாக்கியின் சீல் எப்போது விடும் என்று யாருக்கும் தெரியாது. முட்டுக் கொடுக்காத தொட்டிக்கு அடியில் தலையை நீட்டி இறந்தவர்கள் உண்டு. மேலே மின்கம்பி போகிற இடத்தில் தூக்கவே கூடாது.

விற்பது பற்றி. காயலாங்கடைக்காரர் சுற்றிப் பார்த்துச் சொல்வது கண்மதிப்பு விலை. கண்மதிப்பில் நஷ்டப்பட்ட காயலாங்கடைக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை. உங்கள் வண்டியின் வெறும் எடை ஆர்.சி.யிலேயே போட்டிருக்கும். அந்த எடையிலிருந்து தொட்டியைக் கழித்து, கிலோவுக்கு என்ன விலை என்று இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள். டயர், பேட்டரி, ஜாக்கி, கியர்பாக்ஸ் ஆகியவற்றுக்கு இரும்பு விலை போட விடாதீர்கள், அவற்றுக்குத் தனி ஆள் வருவார். வண்டி இன்னும் மைத்துனர் பெயரில் இருந்தால் அவரையே கையெழுத்துக்குக் கூப்பிடுங்கள், உறவு என்று விட்டுவிடாதீர்கள். பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்தில் கொடுத்து அதற்கான சான்று வாங்கி, ஆர்.சி.யை ரத்து செய்தால்தான் கதை முடியும். இல்லாவிட்டால் வண்டி உடைந்த பிறகும் சேஸி எண் எங்கோ ஓடிக்கொண்டிருக்கும். சேஸியை வாய்க்கால் மேல் பாலமாகப் போடலாமே என்று உங்கள் ஊரில் யாராவது சொல்வார்கள். ஆர்.சி. ரத்தாகும் முன் அதைத் தொடாதீர்கள்.

சரி, லாரி முடிந்தது. இனி மேற்குக் கொல்லை.

வண்டல் கெட்ட மண்ணாக இருக்க வாய்ப்பு குறைவு. உப்பு ஏரியாகவோ சாக்கடை சேர்கிற ஏரியாகவோ இருந்தால் முளைப்பிலேயே தெரிந்திருக்கும். நீங்கள் சொல்லும் அடையாளம் வேறு. மழைக்குத் தண்ணீர் நிற்கிறது, நாலு நாளில் செடி துவள்கிறது. தண்ணீர் கீழே இறங்கவில்லை, வேரும் இறங்கவில்லை. மேலே அரை அடி மண்ணுக்குள்ளேயே பயிர் குடும்பம் நடத்துகிறது. அடியில் தளம் போட்டாயிற்று. போட்டது அந்த லாரி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வெறும் வண்டி ஆறு டன் பக்கம். இரண்டு யூனிட் வண்டல், காய்ந்ததாக இருந்தாலே ஏழெட்டு டன், ஈரமென்றால் இன்னும் மேலே. பாரத்தில் பெரும்பகுதி பின் அச்சில். அது பத்து டன்னைத் தொடும். லாரி டயரில் 100 பி.எஸ்.ஐ. காற்று, டிராக்டரின் பின் டயரில் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. இப்போது இதையும் கேளுங்கள்: தண்ணீர் நிற்காமல் ஓடிவிடுகிற மணற்பாங்கான நிலத்தை வேண்டுமென்றே இறுக்க, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் வழி 400 கிலோ கல் உருளையைப் பலமுறை உருட்டுவது. இறுக்குவதற்கே 400 கிலோதான்! நீங்கள் பத்து டன் அச்சை உருட்டியிருக்கிறீர்கள், அதுவும் ஈர மண்ணில்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தப்படவைத்த வரி, தடம் விழாமல் வேறு வேறு பக்கமாக ஓட்டச் சொன்னேன் என்பது. நல்லது நினைத்துத்தான் செய்தீர்கள், உங்கள் இடத்தில் பலரும் அதையே செய்வார்கள். ஆனால் மண் இறுக்கத்தில் பெரும்பகுதி சக்கரம் முதல் தடவை ஏறும்போதே வந்துவிடுகிறது. அதே தடத்தில் பத்தாவது முறை போனால் கூடுதலாகக் கெடுவது கொஞ்சம்தான். ஒரே தடத்தில் ஓட்டியிருந்தால் இரண்டு கோடு கெட்டிருக்கும், கண்ணுக்கு அசிங்கமாகவும் இருந்திருக்கும். பரப்பி ஓட்டியதில் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, ஏக்கர் முழுவதும் முதல் தடவை மிதிபட்டுவிட்டது.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. என் கொல்லையில் போர் போட வந்த ரிக் வண்டியை, சுற்றிப் போக நேரமாகும் என்று நடுவே குறுக்காக விட்டேன். முந்தின நாள் மழை. எள் விதைத்தாலும் உளுந்து விதைத்தாலும் நாலு வருஷம் அந்த இரண்டு கோடும் வாய்க்கால் வெட்டினாற்போலக் குட்டையாகத் தெரிந்தன. அன்றிலிருந்து என் நிலத்துக்குள் லாரி இறங்கியதில்லை. எருவானாலும் செங்கல்லானாலும் வரப்போரம் கொட்டிவிட்டுப் போகவேண்டியதுதான். இதற்காக டிரைவர்களிடம் கெட்ட பெயர் வாங்கியிருக்கிறேன். பரவாயில்லை.

ஜிப்சமும் டானிக்கும் கொடுத்தவரைப் பற்றி ஒரு வார்த்தை. மல்லாட்டைக்கு ஜிப்சம் தேவைதான், ஹெக்டேருக்கு 400 கிலோ என்பது நெடுநாள் பரிந்துரை. பூத்து விழுது இறங்கும் சமயத்தில் போட்டு மண் அணைத்தால் காய் திரளும். அது சுண்ணாம்பும் கந்தகமும் கொடுக்கும். சக்கரம் இறுக்கிய அடிமண்ணை உடைக்காது. வேர் டானிக் என்கிற கறுப்புத் தண்ணீரோ சுவருக்கு முன்னால் நிற்பவனுக்கு டீ வாங்கிக் கொடுப்பது போல. கொல்லைக்கு வந்து ஒரு செடியைப் பிடுங்கிப் பார்க்காமல் கல்லாவில் உட்கார்ந்தபடியே பாட்டிலை நீட்டுகிற கடையில் விதை மட்டும் வாங்குங்கள். அதையும் பில்லோடு வாங்குங்கள்.

பிடுங்கிப் பார்ப்பதை நீங்களே செய்யலாம். நல்ல மழை பெய்து இரண்டு நாள் கழித்து, விரல் தடிமனுள்ள இரும்புக் கம்பியை நேராக நிறுத்தி, உடம்பின் பாரத்தைக் கொடுத்து மெதுவாக அழுத்துங்கள். சம்மட்டி கூடாது. முதலில் லாரி போகாத கிழக்குக் கொல்லையில், பிறகு மேற்கில், இடத்துக்குப் பத்துத் தடவை. எத்தனை அங்குலத்தில் நிற்கிறது என்று குறியுங்கள். கூடவே மேற்கில் நாலு மல்லாட்டைச் செடியை மண்வெட்டியால் ஆழமாகத் தோண்டி எடுங்கள். ஆணிவேர் ஓர் இடத்தில் நின்று எல் எழுத்துப்போலப் பக்கவாட்டில் மடங்கியிருந்தால் வேறு சோதனை தேவையில்லை.

சரிசெய்ய உளிக்கலப்பை, அதாவது அடிமண்ணை ஆழமாகக் கீறி உடைக்கிற கலப்பை. பங்குனி, சித்திரையில் மண் நன்றாகக் காய்ந்து கிடக்கும்போது அரை மீட்டர் இடைவெளியில் ஒருமுறை நீளவாக்கில், ஒருமுறை குறுக்கே. ஆழம் ஒன்றேகால் அடிக்குக் குறையக்கூடாது. ஈரத்தில் ஓட்டினால் வெண்ணெயில் கத்தி விட்டதுபோல, கோடு விழும், மண் உடையாது. வேளாண் பொறியியல் துறையில் டிராக்டரோடு வாடகைக்குக் கேளுங்கள், உழவன் செயலியிலும் பதியலாம். தனியார் டிராக்டர்காரர் "அஞ்சு கொத்து போட்டாலே போதும்ண்ணே" என்பார். போதாது, அந்த ஐந்து கொத்துக் கலப்பை மேல்மண்ணைத்தான் கிளறும். உளி ஓட்டிய பிறகு ஏக்கருக்கு ஐந்து டன் தொழுவுரம். வருகிற ஆடியில் அந்த ஏக்கருக்கு மட்டும் மல்லாட்டையை விட்டுவிட்டுத் துவரை போடுங்கள். உளி போட்ட வெடிப்புக்குள் துவரை வேர் இறங்கி வழியைத் திறந்து வைக்கும். மறுவருஷம் மல்லாட்டை வரும்.

மீதி மூன்று ஏக்கருக்கு வண்டல் வேண்டும் என்றால் தாராளமாக அடியுங்கள், செம்மண்ணுக்கு அது நல்லதே. ஏக்கருக்கு 90 கன மீட்டர் பரப்பினால் இரண்டே சென்டிமீட்டர்தான் வரும், அதில் பாதியே போதும் என்பது என் எண்ணம். வாடகை லாரி வரப்போரம் கொட்டட்டும். அங்கிருந்து ஒரு யூனிட் டிரெய்லரில், காய்ந்த கொல்லையில், ஒரே தடத்தில் எடுத்துப் போய்க் குவித்துக் கையால் இறையுங்கள். அந்தத் தடத்தை மட்டும் பிறகு உளியால் உடைத்துவிடலாம். ஏரியில் பார்த்த மண்தான் வந்து இறங்குகிறதா என்று முதல் நடையில் நீங்களே போய் நில்லுங்கள். சவுட்டையும் கட்டட மண்ணையும் வண்டல் என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு.

காயலாங்கடை விலையை முடிவு செய்வதற்கு முன் அந்தக் கம்பிக் கணக்கை எழுதி அனுப்புங்கள். கிழக்கில் எத்தனை அங்குலம், மேற்கில் எத்தனை அங்குலம். வித்தியாசம் ஐந்தாறு அங்குலம் வந்தால் லாரி விற்ற பணத்தில் முதலில் உளிக்கலப்பை வாடகையை எடுத்து வைத்துவிடுங்கள், மிச்சத்தைப் பற்றி மைத்துனரோடு பேசிக்கொள்ளலாம்.