என் ஆள் யாரையும் நம்பமாட்டான்

கேள்வி: அக்கா, நாங்கள் ஐந்து பேர் சனிக்கிழமை இரவுகளில் நண்பன் வீட்டு அஞ்சடியில் மேசை போட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமாக நடித்து, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) விளையாடுகிறோம். ஒருவன் டிஎம், கதையை நடத்துபவன். என் பாத்திரம் 5ஆம் நிலை ரோக், அதாவது திருடன். பெற்றோரைக் கொள்ளைக்காரர்களிடம் பறிகொடுத்து, தெருவில் திருடி வளர்ந்தவன். யாரையும் நம்பமாட்டான். மற்ற மூவரும் (பாலடின் என்ற புனித வீரன், கிளெரிக் என்ற பூசாரி, எல்ஃப் இனத்து மந்திரவாதியான விசர்ட்) ஒரே குடும்பம் மாதிரி ஆகிவிட்டார்கள். போன வாரம் சத்திரத்தில் அவர்கள் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கைப்பேசியை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றிரவு பாலடின் தூங்கும்போது அவன் அம்மா கொடுத்த மோதிரத்தைத் திருடினேன். கேட்டதற்கு, "என் ஆள் அப்படித்தான்" என்றேன். பாலடினாக விளையாடும் நண்பனுக்கு முகம் சுருங்கிவிட்டது. பாத்திரத்தின் குணத்தை மாற்றாமல் அவனை மற்றவர்களோடு ஒட்ட வைக்க முடியுமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: முடியும், தம்பி. குணத்தில் கை வைக்கவே வேண்டாம்.

என் பாட்டி தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டிப் பால் எடுத்தவர். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தன் பங்கு மரங்களுக்குத் தனியாகப் போய்விடுவார். இயல்பிலேயே பேச்சு குறைவு. பக்கத்துப் பங்கு வெட்டிய அம்மாவோடு ஏதோ பழைய மனஸ்தாபம் வேறு. லயத்தில் (தோட்டத்து வீட்டு வரிசையில்) எதிரெதிரே வந்தால் இருவரும் தலையைத் திருப்பிக்கொள்வார்கள். ஆனால் வானம் இருட்டினால் கதை வேறு. மரத்தில் பால் பிடிக்கும் மங்கில் மழைத்தண்ணீர் விழுந்தால் பால் போச்சு, அன்றைய கூலியும் போச்சு. யார் முதலில் முடிக்கிறாரோ அவர் ஓடிப்போய் அடுத்தவருடைய மங்குகளையும் வாளியில் கவிழ்ப்பார். ஒரு வார்த்தை பேச்சு கிடையாது. மறுநாள் பாட்டியின் வாளி மூடிமேல் ஒரு மடிப்பு வெற்றிலை இருக்கும். அந்த அம்மாவைக் கடைசிவரை பாட்டி நல்லவர் என்று சொன்னதில்லை. அவர் இறந்த அன்று மட்டும் பாட்டி சாப்பிடவில்லை.

உங்கள் ரோக்குக்கு இப்படி ஓர் உறவு போதும். நம்பாதவனாகவே இருக்கட்டும். ஆனால் பிறர் தயவு தேவைப்படாதவனாக அவனை ஆக்கிவிட்டீர்கள், பேச்சு அங்கேதான் நின்றுபோகிறது. விளையாட்டின் விதியே அதை ஒப்புக்கொள்வதில்லை. உங்கள் ரோக்கின் பெரிய பலம் ஸ்னீக் அட்டாக், அதாவது எதிரி அசந்த நேரத்தில் குத்துவது. 5ஆம் நிலையில் அது மூன்று ஆறுபக்கப் பகடை கூடுதல் சேதம். அட்வான்டேஜ் (இரண்டு முறை பகடை உருட்டி உயர்ந்ததை எடுக்கும் சாதகம்) இல்லாத சமயத்தில் அது எப்போது கிடைக்கிறது? நீங்கள் குறிவைக்கும் எதிரிக்கு 5 அடிக்குள் உங்கள் கூட்டாளி ஒருவர் நிற்கும்போது. பெரும்பாலும் அங்கே கவசத்தோடு நின்று அடி வாங்குவது யார்? அந்தப் பாலடின்தான். யாரையும் நம்பாத உங்கள் ஆளின் ஒவ்வொரு நல்ல குத்துக்கும் இன்னொருவனின் உடம்பு பக்கத்தில் இருந்திருக்கிறது. இது அவனுக்குத் தெரியுமா? தெரிந்தால் எப்படி இருக்கும்? "நீ அங்கே நின்னதால்தான் என் கத்தி இறங்குச்சு, இதுக்கு நன்றியெல்லாம் எதிர்பார்க்காதே" என்று சண்டை முடிந்ததும் முணுமுணுக்கட்டும். குணம் துளியும் மாறவில்லை, ஆனால் பாலடினுக்குப் பதில் சொல்ல ஒரு வாசல் திறந்தாயிற்று.

2014 பதிப்பின் பாத்திரத் தாளில் 'பாண்ட்' (பிணைப்பு) என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? இறந்த பெற்றோர், பழிவாங்கல் என்றுதான் இருக்கும் என நினைக்கிறேன். இறந்தவர்களோடு மேசையில் பேச முடியாது, தம்பி. அதற்குக் கீழே உயிரோடு இருக்கும் ஒருவர் பெயரையும் பென்சிலால் எழுதுங்கள். மூவர் பெயரையும் எழுத வேண்டாம், ஒருவர் போதும். எல்லோரிடமும் ஒரே மாதிரி பழகும் பாத்திரம் சலித்துப்போகும். கிளெரிக்கிடம் கடன்பட்ட கூச்சம் இருக்கட்டும். உயிர்ப் புள்ளி பூஜ்யமாகி விழுந்து, பிழைப்பாரா என்று உருட்டும் உயிர்ப் பகடையில் இரண்டு முறை தோற்றுக் கிடந்தபோது அவர் வந்து எழுப்பியிருப்பாரே, அதை ஏன் யாருமே மறுபடி பேசுவதில்லை? எல்ஃப் விசர்டிடம் வெறும் எரிச்சல் போதும். நீங்கள் தூங்கும் நேரத்தில் அவர் நாலு மணி நேர தியானத்தோடு எழுந்துவிடுகிறார். திருடனுக்குத் தான் தூங்கும்போது ஒருவர் விழித்திருப்பது பிடிக்குமா? அதையே கேளுங்கள், அவர் சொல்லும் பதிலிலிருந்து பேச்சு தானாக வளரும்.

சத்திரத்தில் எல்லோரும் சேர்ந்து பேசும்போது உங்கள் ஆளுக்கு வாய் வராதது நியாயம்தான். இரவுக் காவல் அவனுக்குப் பொருத்தம். விளையாட்டில் நீண்ட ஓய்வு 8 மணி நேரம். அதில் 2 மணி நேரம் வரை காவல் இருக்கலாம். இருட்டு, இரண்டே பேர், தீயில் விறகு. பேசாத ஆளும் அங்கே இரண்டு வார்த்தை பேசுவான். டிஎம்மிடம் முன்கூட்டியே சொன்னால் அந்தப் பத்து நிமிடத்தை அவர் ஒதுக்கித் தருவார்.

இனி மோதிரம். இதில் நான் உங்கள் பக்கம் இல்லை. "என் ஆள் அப்படித்தான்" என்றீர்கள். அந்த ஆளை எழுதியவர் நீங்கள். அன்றிரவு அவன் கை எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்ததும் நீங்கள். அவன் பாலடினின் பையைத் திறந்து, மோதிரத்தைப் பார்த்து, தன் அம்மா நினைவு வந்து மூடி வைத்திருக்கலாம். அதுவும் திருடன் குணம்தான், இன்னும் ஆழமான குணம். உங்கள் நண்பன் அந்த மோதிரத்தைத் தன் பாத்திரத்துக்கு யோசித்து யோசித்து எழுதியிருப்பான். அவன் முகம் சுருங்கியது பாலடினுக்காக மட்டும் இல்லை.

அதனால் சனிக்கிழமைவரை காத்திருக்காதீர்கள். வேலை முடிந்ததும் அவனை மாமாக் கடைக்குக் கூப்பிட்டு, ஒரு தே தாரேக் வாங்கிக் கொடுத்து, பாத்திரத்தை இழுக்காமல் உங்கள் வாயால் மன்னிப்புக் கேளுங்கள். மோதிரத்தைத் திருப்பிக் கொடுப்பதை எப்படி விளையாடலாம் என்று அவனிடமே கேளுங்கள். பாலடின் கோபப்பட வேண்டும் என்று அவன் விரும்பினால் கோபப்படட்டும், உங்கள் ரோக் அதை வாங்கிக்கொள்ளட்டும். பிறகு சனிக்கிழமை முகாம் போட்டதும், முதல் காவலை நீங்களே கேட்டு வாங்குங்கள், பாலடினோடு.