கடலோரத்தில் பழைய கார்: துரு, பட்டி, பெயிண்ட் பற்றிய கேள்வி பதில்

தேவனாம்பட்டினம்: சார், என்னோடது 1994 பத்மினி. கதவுக்குக் கீழ நீளமா இருக்கிற சில் பேனலை ஸ்க்ரூடிரைவரால குத்தினா உள்ளே இறங்குது. பட்டி (பள்ளம் நிரப்புற பசை) போட்டு அடைச்சிடலாம்னு டிங்கர் சொல்றார். போதுமா?

போதாது. பத்மினிக்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது, பாடியேதான் பாரம் சுமக்கிறது. அதில் முக்கியமான பாகம் இந்தச் சில். பட்டி எதையும் தாங்காது. போதாக்குறைக்கு ஈரத்தையும் உறிஞ்சும். அந்த உப்புக்காற்றில் அடுத்த ஐப்பசி மழைக்குள் கொப்புளம் கிளம்பிவிடும்.

துருப்பிடித்த பகுதியை அறுத்து எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைப்பதுதான் வழி. அதற்கு முன் பேட்டரியைக் கழற்றி, பெட்ரோல் டேங்கை இறக்கி, உள்ளே இருக்கிற கார்பெட், ஃபெல்ட் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். வண்டியை நான்கு ஸ்டாண்டில் சமமாக நிறுத்தி, கதவு வாசலில் கீல் தூணுக்கும் லாக் தூணுக்கும் குறுக்கே ஒரு இரும்பு ஆங்கிளைச் சிறு புள்ளி வெல்டாக டாக் அடியுங்கள். இதைச் செய்யாமல் சில்லை அறுத்தால் பாடி நடுவில் தொய்ந்துவிடும். பிறகு எவ்வளவு தட்டினாலும் கதவு சரியாகப் பொருந்தாது. ஒரு பக்கம் வெல்டிங் முடித்துவிட்டுத்தான் மறுபக்கத்தைத் தொட வேண்டும்.

துரு நிற்கிற இடத்தைத் தாண்டி இன்னும் ஒரு அங்குலம், பளபளவென்று நல்ல தகடு தெரியும்வரை அறுங்கள். வெளிப்பக்கத்துக்கு 20 கேஜ் சி.ஆர். (பூச்சில்லாத இரும்பு) தகடு, உள்பக்கத்துக்கு 18 கேஜ். ஜி.ஐ. தகடு வேண்டாம். வெல்டிங் சூட்டில் அதன் துத்தநாகப் பூச்சு எரிந்து போவதோடு, அந்தப் புகை காய்ச்சலையும் கொண்டுவரும். கேஸ் வெல்டிங்கில் சூடு பரவித் தகடு நெளிவதால் சி.ஓ.2 (CO2 வாயு) வெல்டிங் கேட்டு வாங்குங்கள். அதிலும் ஒரே இழுப்பாக இழுக்கக்கூடாது. இங்கே ஒரு புள்ளி, ஒரு சாண் தள்ளி ஒரு புள்ளி என்று வைத்து, ஆறவிட்டு, இடைவெளிகளை நிரப்ப வேண்டும். பெயிண்ட் முடிந்ததும் சில்லுக்குள் கேவிட்டி வேக்ஸ் (உள்கூட்டுக்கான துருத்தடுப்பு மெழுகு) அடியுங்கள். அடியில் இருக்கிற வடிகால் ஓட்டைகளை மட்டும் யாரையும் அடைக்க விடாதீர்கள். பல வண்டிகளில் சில் செத்துப்போவதே அந்த ஓட்டை அடைபட்டுத்தான்.

வில்லியனூர்: துருவை ஆசிட் ஊற்றிக் கழுவலாமா?

பாத்ரூம் கழுவும் ஆசிட் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள குளோரைடு தகட்டு மடிப்புகளில் தங்கி, பெயிண்டுக்கு அடியிலேயே மறுபடி துருவை உண்டாக்கும். மேலோட்டமான துருவுக்கு மட்டும் பாஸ்பாரிக் ஆசிட் கலந்த ரஸ்ட் கன்வர்ட்டர் போதும். செதில் செதிலாக உரிகிற துருவை கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க் போட்டுத் தேய்த்தே தீர வேண்டும்.

முத்தியால்பேட்டை: அண்ணே, பெயிண்ட் அடிச்சு ஆறு மாசத்துல பட்டி போட்ட இடம் மட்டும் வட்டமா தெரியுது, சில இடத்துல மஞ்சள் கறை. ஏன்?

மஞ்சள் கறைக்குக் காரணம், பட்டியை இறுக வைக்கிற ஹார்ட்னர் அதிகமானது. 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் கணக்கு, நம்மூர் வெயிலில் அதைவிடக் கொஞ்சம் குறைத்தாலும் பிடித்துவிடும். சீக்கிரம் இறுகட்டும் என்று ட்யூபைப் பிதுக்கினால் மிச்ச ஹார்ட்னர் கலருக்கு மேலே கசிந்து வரும். கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, கோடு எதுவும் தெரியாமல் ஒரே நிறமாகும்வரை பிசையுங்கள். அடித்துக் குழைத்தால் காற்று புகுந்து ஊசித்துளை விழும்.

வட்டம் தெரிவது, பட்டி தடிமனாகப் போய் மெல்லச் சுருங்கியதால். 3 மில்லிமீட்டருக்கு மேல் பட்டி கேட்கிற பள்ளத்தை முதலில் சுத்தியலும் டாலியும் (தகட்டுக்குப் பின்னால் முட்டுக் கொடுக்கிற இரும்புக் கட்டை) வைத்து எடுக்க வேண்டும். வெறும் தகட்டில் எபாக்ஸி பிரைமர், அதைச் சொரசொரப்பாக்கி மேலே பட்டி. பட்டியை 80, 180, 320 நம்பர் உப்புத்தாளால் உலர்வாகவே தேயுங்கள். இங்கே தண்ணீர் ஊற்றித் தேய்க்கிற பழக்கம்தான் பாதிக் கொப்புளத்துக்குக் காரணம். வாட்டர் பேப்பர் பிரைமருக்கு மேலே மட்டும், 600 அல்லது 800.

கடலூர்: பெஞ்சல் புயல் வெள்ளத்துல அம்பாசடர் ரெண்டு நாள் நின்னுச்சு. வெளியில பழுது தெரியலை. விட்டுடலாமா?

விடாதீர்கள். சேறு சில்லுக்குள்ளும் கதவின் அடி மடிப்பிலும் ஸ்டெப்னி வைக்கிற குழியிலும் உட்கார்ந்திருக்கும். சீட், மேட், கதவு அட்டை எல்லாம் கழற்றி, ஓட்டைகள் வழியாக ஹோஸ் விட்டுத் தெளிந்த தண்ணீர் வடியும்வரை கழுவுங்கள். உங்கள் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதைத் தொடாமல், நல்ல தண்ணீர் லாரி சொல்லிவிடுங்கள்.

மஞ்சக்குப்பம்: பெயிண்ட் எந்த மாசத்துல அடிக்கலாம்? என்.சி.யா (நைட்ரோசெல்லுலோஸ்), பி.யு.வா (பாலியூரித்தேன்)?

மாசியிலிருந்து ஆனிவரை. காலையில் பனி ஈரம் போன பிறகு, கடல்காற்று கிளம்புவதற்கு முன் அடித்துவிடுங்கள். ஈரக்காற்றில் என்.சி. பெயிண்ட் வெளுத்துப் புகை படிந்ததுபோல் ஆகும். தின்னர் வேகமாக ஆவியாகிப் பரப்பைக் குளிரவைப்பதால் ஈரம் அதில் படிகிறது. மெதுவாக ஆவியாகிற ரிடார்டர் தின்னர் சேர்த்தால் குறையும். நீடிப்பதற்கு, ஹார்ட்னர் கலந்து அடிக்கிற 2கே பி.யு.தான். ஆனால் அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட் உண்டு, துணி மாஸ்க் அதைத் தடுக்காது. கார்பன் ஃபில்டர் மாஸ்க் இல்லாமல் பெயிண்டரை அடிக்கச் சொல்லாதீர்கள். கம்ப்ரசரில் காற்றிலிருந்து தண்ணீரைப் பிரிக்கிற வாட்டர் செபரேட்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

முதலியார்பேட்டை: கான்டெஸாவோட கூரையை வெட்டித் திறந்த காராக்கலாமா? கலரும் மாத்தணும்.

கலரை ஆர்.சி.யில் மாற்றிப் பதிந்துகொள்ளலாம். கூரை கூடாது. பாடி பலம் போவது ஒருபுறம், தயாரிப்பாளர் தந்த மூல விவரம் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிற மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவும் இடிக்கும். வண்டி 50 வயதைத் தாண்டினால் விண்டேஜ் பதிவுக்குப் போக முடியும், 2021 விதிப்படி அதற்கும் மூல வடிவம் கெடாமல் இருக்க வேண்டும்.

காலாப்பட்டு: புது பி.யு. பெயிண்டுக்கு வேக்ஸ் எப்போ போடலாம்?

ஒரு மாதம் கழித்து. அதுவரை வெறும் தண்ணீர்க் கழுவல், ஈ.சி.ஆரில் ஓட்டிய அன்று அடிப்பக்கத்தையும் சேர்த்து.