மதுரையில் சாப்பாடும் சுற்றலும்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

மதுரைக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எடுத்துக்கொள்கிறேன். நான் மாசி வீதிப் பக்கம் பிறந்து வளர்ந்தவன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த ஊரில் ஒவ்வொரு பலகாரத்துக்கும் ஒரு நேரம் உண்டு. கடைப் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு வந்து, நேரம் தப்பிப் போய் நின்று, "ஒன்றுமில்லை, இதற்கா இத்தனை பேச்சு" என்று திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

கேள்வி: அண்ணே, நண்பர்கள் நாலு பேர் பாண்டியன் எக்ஸ்பிரஸில் காலையில் வந்து இறங்குகிறோம். ராத்திரி அதிலேயே சென்னை திரும்ப வேண்டும். பேர் பெற்ற கடைகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாமா?

முடியாது தம்பி. முயற்சி செய்தால் மத்தியானத்துக்குள் வயிறு மந்தமாகி, ராத்திரிச் சாப்பாடு வீணாகும். ராத்திரிதான் இங்கே முக்கியம்.

ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ பிடிக்காதீர்கள். டவுன்ஹால் ரோட்டில் நேராக நடந்தால் பதினைந்து நிமிஷத்தில் மேலக்கோபுரம் கண்ணில் படும். காலையில் இட்லி, பொங்கல் என்று லேசாக முடித்துக்கொள்ளுங்கள். வழியில் தள்ளுவண்டியில் பருத்திப்பால் இருந்தால் ஒரு டம்ளர் வாங்கிக் குடியுங்கள். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பால், அதில் வெல்லமோ கருப்பட்டியோ, சுக்கும் ஏலக்காயும். சூடாக இருக்கும்போதே குடித்துவிட வேண்டும், ஆறினால் கட்டிப்படும்.

அப்புறம் கோயில். செல்போனை உள்ளே கொண்டுபோக முடியாது, 2018-லிருந்து தடை. வாசலில் பாதுகாப்பு அறையில் கொடுத்துவிட்டுப் போகலாம். அரைக்கால் சட்டை போட்டவர்களை உள்ளே விடமாட்டார்கள். பகல் பன்னிரண்டரை மணிவாக்கில் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். ஆகவே தரிசனம் முடிந்ததும் நேராக மெஸ். ஒரு மணிக்கு மேல் போனால் ஒருவர் எழுந்திருப்பதற்குள் அந்த நாற்காலிக்குப் பின்னால் மூன்று பேர் நிற்பார்கள். நிம்மதியாகச் சாப்பிட முடியாது.

மத்தியானம் திருமலை நாயக்கர் மகாலுக்குப் போங்கள். 1636-இல் கட்டியது. இன்றைக்கு நிற்பது அதில் ஒரு பகுதிதான். அதற்கே அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும். அங்கிருந்து விளக்குத்தூண் நடக்கிற தூரம், ஜிகர்தண்டாவுக்குச் சரியான நேரமும் ஆகியிருக்கும். ஏழு மணிக்குச் சிம்மக்கல் பக்கம் கறிதோசை. அதை முடித்துவிட்டு ரயில்.

கேள்வி: கறிதோசை என்கிறார்களே, மசால் தோசைக்குள் கறி வைத்துத் தருவதா?

இல்லை. கல்லில் கெட்டியாக ஒரு தோசை ஊற்றுவார்கள். மாவு வேகும்போதே மேலே முட்டையை ஊற்றிப் பரப்பி, அதன்மேல் முன்பே வதக்கி வைத்த கொத்துக்கறியை அள்ளி வைத்து, தோசைத் திருப்பியால் அழுத்துவார்கள். அப்புறம் ஒரே திருப்பு. கறி கல்லில் பட்டு அடியில் லேசாகக் கருகும். அந்தக் கருகல்தான் ருசி. அதனால் பார்சல் வாங்காதீர்கள். இலைக்குள் மூடிய ஐந்தாவது நிமிஷம் நமுத்துப்போகும். கல்லுக்குப் பக்கத்து மேஜையாகப் பார்த்து உட்காருங்கள். ஒரு ஆளுக்கு ஒன்று தாராளம்.

கேள்வி: போன மாதம் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டோம். மட்டன் சாப்பாடுதான் சொன்னோம், பில் நினைத்ததைவிட இரண்டு மடங்கு வந்தது. ஏமாற்றிவிட்டார்களா அண்ணா?

ஏமாற்றவில்லை. மெஸ் வழக்கம் தெரியாததால் வந்த செலவு அது. எனக்கும் இது நடந்திருக்கிறது. வெளியூர் உறவினர்கள் ஆறு பேரை ஒரு மெஸ்ஸுக்குக் கூட்டிப்போனேன். பேச்சு சுவாரஸ்யத்தில் தட்டைக் கவனிக்கவில்லை. கல்லாவில் போய் நின்றபோதுதான் விஷயம் புரிந்தது.

எப்படி என்றால், இலை போட்டுச் சோறு வைத்ததும் ஒருவர் பெரிய தட்டோடு வருவார். தட்டு முழுக்கச் சின்னக் கிண்ணங்கள்: சுக்கா, ஈரல், மூளை, குடல், நண்டு, வறுத்த மீன், கோலா உருண்டை. தட்டை மூக்குக்கு நேராக நீட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பெயர் சொல்வார். பசியோடு இருக்கிறவனுக்கு எல்லாமே வேண்டும் போலத்தான் இருக்கும். சாப்பாட்டுக்குச் சொன்ன விலையில் சோறு, குழம்பு வகைகள், ரசம், மோர், ஒரு கூட்டோ பொரியலோ அடங்கும். தட்டில் இருக்கிற கிண்ணம் ஒவ்வொன்றுக்கும் தனி விலை. கோலாவைப் பல இடங்களில் உருண்டைக் கணக்கில்தான் போடுவார்கள்.

தட்டு வந்ததும் கூச்சப்படாமல் "இது எவ்வளவுண்ணே?" என்று கேளுங்கள். கேட்டால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். நாலு பேருக்கு மூன்று கிண்ணம் எடுத்துப் பகிர்ந்துகொண்டால் போதும். அதற்கு முன்னால் குழம்புகளை முறையாகச் சாப்பிட்டுப் பாருங்கள். முதல் சோற்றுக்கு மட்டன் குழம்பு, இரண்டாவதுக்கு மீன் குழம்பு. அயிரை மீன் குழம்பு இருக்கிற நாளாக அமைந்தால் கிண்ணம் எதுவுமே தேவைப்படாது. விரல் நீளம்கூட இல்லாத மீன், முள்ளோடு மென்றுவிடலாம். புளியும் காரமும் ஏறிய அந்தக் குழம்புக்கு இன்னொரு தடவை சோறு கேட்பீர்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். அப்பாவுக்கு 75 வயது, காரமும் எண்ணெயும் ஆகாது. மதுரை என்றாலே எல்லாரும் கறியைத்தான் சொல்கிறார்கள். எங்களுக்கு என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது அம்மா. இந்த ஊர் இட்லி அப்பாவுக்கென்றே செய்தது போல இருக்கும். பஞ்சு மாதிரி இட்லியும் அதற்கு நாலைந்து சட்னியும் சாயங்காலம் எந்த வீதிக்குப் போனாலும் கிடைக்கும். காரச் சட்னியை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தேங்காய்ச் சட்னியும் சாம்பாரும் கேளுங்கள். இடியாப்பம் விற்கிற கடைகள் மாலையில் திறக்கும். தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் போட்டுத் தரச் சொல்லலாம்.

இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள். இங்கே நூற்றாண்டுகளாக வாழும் சௌராஷ்டிரா மக்களின் பலகாரங்களில் முள்ளுமுருங்கை இலையை அரைத்துச் சேர்த்த பூரி ஒன்று உண்டு. பச்சை நிறத்தில் இருக்கும், சளிக்கு நல்லது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வாங்கித் தருவார்கள். எண்ணெயில் பொரித்ததுதான், ஆனாலும் அப்பா பாதி சாப்பிட்டால் தப்பில்லை. அவர்கள் இருக்கிற தெருக்களில் சாயங்காலம் கிடைக்கும்.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு ராத்திரி ஒன்பது மணிவாக்கில் கோயிலுக்கும் போங்கள். சுவாமியின் பாதத்தைப் பல்லக்கில் வைத்து அம்மன் சன்னதிக்கு எடுத்துப்போகும் பள்ளியறை பூஜை அப்போதுதான். பகல் கூட்டம் குறைந்திருக்கும், கல் தரையும் குளிர்ந்திருக்கும். வயதானவர்கள் காலுக்கு அது பெரிய உபகாரம்.

கேள்வி: ஒரிஜினல் ஜிகர்தண்டா எந்தக் கடை?

பலகையெல்லாம் ஒரிஜினல் என்றுதான் சொல்லும். விளக்குத்தூண் கடைக்குப் போனால் உங்கள் கேள்வி தீர்ந்துவிடும். ஆனால் ஜிகர்தண்டாவின் தரம் தெரிய பாலைப் பாருங்கள். பால் மணிக்கணக்கில் சுண்டிக் காவி நிறத்துக்கு வந்திருக்க வேண்டும். வெள்ளையாக இருந்தால் அது ஐஸ்கிரீம் போட்ட சாதாரணப் பால்தான். கண்ணாடி டம்ளரில் முதலில் ராத்திரியே ஊறவைத்த பாதாம் பிசின், மேலே நன்னாரி சர்பத், பிறகு சுண்டக் காய்ச்சிக் குளிர்வித்த பால், கடைசியாக ஐஸ்கிரீம். பிசினுக்கென்று தனியாக ருசி கிடையாது. வழுக்கிக்கொண்டு தொண்டையில் இறங்கும்போது தெரிகிற குளிர்ச்சிதான் அதன் வேலை. ஜிகர் என்றால் ஈரல், நெஞ்சு. தண்டா என்றால் குளிர்ச்சி. வெயில் சாயும் நாலு மணிக்குக் குடித்தால் அந்தப் பெயர் ஏன் வந்தது என்று புரியும். சாப்பாட்டின் மேல் குடித்தால் வயிறு அடைக்கும்.

விளக்குத்தூணைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது பிளாக்பர்ன் என்ற வெள்ளைக்காரக் கலெக்டர் நினைவாக நட்ட விளக்குக் கம்பம். அவர் காலத்தில்தான் 1840-களில் கோட்டைச் சுவரை இடித்து ஊரை வெளியே விரித்தார்கள். அந்த வேலைக்குத் துணையாக நின்ற பெருமாள் மேஸ்திரியும் மாரட்டும் இன்றைக்கும் வீதிப் பெயர்களாக இருக்கிறார்கள்.

கேள்வி: வழி கேட்டால் ஆவணி மூல வீதி, மாசி வீதி என்கிறார்கள். தலை சுற்றுகிறது.

கோயிலை நடுவில் வைத்துச் சதுரம் சதுரமாகப் போடுங்கள். கோயிலுக்குள்ளே ஆடி வீதி, மதிலை ஒட்டிச் சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அடுத்து மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. ஒவ்வொன்றுக்கும் கீழ, மேல, வடக்கு, தெற்கு என்று நாலு பக்கம். வழி தவறினால் கோபுரத்தைப் பார்த்து நடங்கள், சித்திரை வீதிக்கு வந்துவிடுவீர்கள்.

கேள்வி: ஆட்டோவுக்கு எவ்வளவு கொடுக்கலாம் சார்?

மீட்டர் போடும் பழக்கம் இங்கே இல்லை. ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள், அல்லது செயலியில் பதிவு செய்யுங்கள். கோயிலைச் சுற்றி ஆட்டோவே வேண்டாம், நடைதான். மற்ற இடங்களுக்குப் பெரியார் நிலையத்திலிருந்து டவுன் பஸ் உண்டு. சாதாரணக் கட்டண பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. வெளியூர் போவதென்றால் சென்னை, திருச்சி, ராமேஸ்வரம், திருநெல்வேலிக்கு மாட்டுத்தாவணி. கோவை, தேனி, கொடைக்கானலுக்கு ஆரப்பாளையம். இரண்டும் ஊரின் வேறு வேறு மூலையில் இருக்கின்றன. மாறிப் போய் இறங்கினால் அரை மணி நேரத்துக்கு மேல் போய்விடும்.

கேள்வி: ராத்திரி ஒரு மணிக்கு மாட்டுத்தாவணியில் தனியாக இறங்குகிறேன் அண்ணா. தூங்கா நகரம் என்கிறார்களே, சாப்பாடு கிடைக்குமா? பயமில்லாமல் இருக்கலாமா?

பேருந்து நிலையத்தில் கிடைக்கும் தங்கச்சி. டீ, இட்லி, பரோட்டா மூன்றும் உண்டு. அந்த நேரத்துக்குப் பரோட்டா வேண்டாம், சூடான இட்லி போதும். நடுச்சாமத்தில் ஊருக்குள் கடை தேடிப் போகாதீர்கள். வெளிச்சமும் குடும்பங்களும் இருக்கிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். தங்குமிடத்துக்கு வண்டியைச் செயலியில் எடுத்து, வண்டி எண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஏறுங்கள். விடியும் வரை காத்திருக்க முடியுமானால் அதுவே எனக்கு நிம்மதி. பக்கத்திலேயே பூ மார்க்கெட் இருக்கிறது. விடிகாலையில் மல்லிகை மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மல்லிகை அது. மொட்டாகவே வாங்குங்கள், சாயங்காலம் விரியும்.

கேள்வி: கோயில், மகால் எல்லாம் பார்த்தாகிவிட்டது. அரை நாளில் வேறு எங்கே போகலாம்?

காலையில் சீக்கிரம் எழுந்திருக்கிறவர் என்றால் கீழக்குயில்குடி. சமணர் மலை அடிவாரத்தில் தாமரைக் குளமும் அய்யனார் கோயிலும் ஆலமரமும் இருக்கும். படியேறினால் பேச்சிப்பள்ளத்தில் பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், அவற்றுக்குக் கீழே வட்டெழுத்து. ஆயிரம் வருஷத்துக்கு முந்தியவை. ஏழு மணிக்குள் ஏறிவிடுங்கள், பிறகு பாறை சுடும். தண்ணீர் கையோடு இருக்கட்டும்.

குழந்தைகள் இருந்தால் கீழடி. 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டியிருக்கிறார்கள். பானை ஓட்டில் கீறிய தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்துகளைப் பிள்ளைகளிடம் எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள்.

சாப்பாட்டோடு சேர்த்துப் போக வேண்டுமென்றால் என் ஓட்டு அழகர்கோயிலுக்கு. ஊரிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர். அங்கே பிரசாதமே தோசைதான். உளுந்து, அரிசி, மிளகு, சுக்கு, நெய். தடிமனாக, கருத்த நிறத்தில், ஓரம் மொறுமொறுவென்று இருக்கும். சட்னி கிடையாது, தேவையும் இல்லை. வாயில் வைத்தவுடன் நெய், மெல்ல மெல்ல மிளகு. மலைமேல் பழமுதிர்சோலைக்கும் நூபுர கங்கைக்கும் போய்விட்டு இறங்கி வந்து சாப்பிடுங்கள். பையில் எதையும் வெளியே தெரியும்படி வைக்காதீர்கள், குரங்குகள் அதிகம்.

கேள்வி: சித்திரைத் திருவிழா சமயத்தில் வந்தால் சாப்பாட்டுக்குத் திண்டாட்டமா?

அறைக்குத்தான் திண்டாட்டம், மாதக்கணக்கில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சாப்பாட்டுக்குக் குறையே இராது. சித்ரா பௌர்ணமிக்கு அழகர் ஆற்றில் இறங்கும்போது தெருவுக்குத் தெரு மோர்ப் பந்தல், பானகம், தண்ணீர், எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு. யாரென்று கேட்காமல் கையில் கொடுப்பார்கள். எங்கள் வீட்டு வாசலிலும் ஒரு பானை மோர் உண்டு. அம்மா இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போடுவார், நாங்கள் சொம்பில் மொண்டு ஊற்றுவோம். அன்றைக்கு மட்டும் எந்தக் கடையையும் தேடாதீர்கள். கையில் ஒரு டம்ளர் இருந்தால் போதும்.