ஒன்பதாம் வகுப்பில் சறுக்கிய பிள்ளைக்கு யூசி கிடைக்குமா? கலிஃபோர்னியா தமிழ்ப் பெற்றோர் கேள்வி பதில்

கேள்வி (ஃப்ரிமாண்ட் அம்மா): மேடம், பையன் போன வருஷம் ஒன்பதாவதில் ரெண்டு டி, மூணு சி வாங்கினான். இப்போ பத்தாவதில் ஏ, பி வருது. யூசி ஆசையை விட்டுடணுமா?

பதில்: விட வேண்டியதில்லை. யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) ஜிபிஏ, அதாவது கிரேடு சராசரி, கணக்கிடும்போது ஒன்பதாம் வகுப்பு கிரேடுகளைச் சேர்ப்பதில்லை. ஒன்பது முடிந்த கோடை விடுமுறையிலிருந்து பதினொன்று முடிந்த கோடை வரை எடுத்த ஏ-ஜி பாடங்கள்தான் (யூசி கேட்கும் பாடப் பிரிவுகளில் அடங்கியவை) கணக்கில் வரும். ப்ளஸ், மைனஸ் கிடையாது. ஏ 4, பி 3, சி 2, டி 1 புள்ளி; பி மைனஸும் பி ப்ளஸும் அதே 3தான்.

எண்ணில் பாருங்கள். பத்து, பதினொன்றில் ஆண்டுக்கு ஆறு பாடம் என்றால் 24 செமஸ்டர் கிரேடு. 14 ஏ, 9 பி, 1 சி வாங்கினால் 85 புள்ளி, அதாவது 3.54. பதினொன்றில் இரண்டு ஏபி (கல்லூரித் தரப்) பாடம் இருந்தால் நாலு செமஸ்டருக்கு நாலு புள்ளி கூடி 3.70. இதோடு உங்கள் மகனுடையதைப் போன்ற ஒன்பதாம் வகுப்பையும் (3 ஏ, 4 பி, 3 சி, 2 டி என்று வைத்துக்கொள்வோம்) சேர்த்துப் பள்ளி கணக்குப் போட்டால் ஏபி புள்ளி இல்லாமல் 3.25 வரும். ஒரே பிள்ளைதான், இரண்டு எண். பள்ளி போர்ட்டலில் தெரியும் எண்ணைப் பார்த்துப் பயந்துபோகிறவர்கள்தான் நிறைய.

கூடுதல் புள்ளிக்கு வரம்பு உண்டு: மொத்தம் எட்டு செமஸ்டர், அதில் பத்தாம் வகுப்பிலிருந்து அதிகபட்சம் நாலு. அதனால் "ஏபி-யை அடுக்கிப் பழையதை ஈடுகட்டலாம்" என்பது ஓரளவுக்கு மேல் எடுபடாது.

ஆனால் ஜிபிஏ-வில் சேராது என்பதற்காகக் கண்ணில் படாது என்று நினைக்காதீர்கள். ஒன்பதாம் வகுப்பு கிரேடுகளையும் விண்ணப்பத்தில் ஏற்ற வேண்டும், அதைப் படித்து முடிவெடுப்பவர் பார்ப்பார். இன்னொன்று, மாநிலவாசிகளுக்கு 3.0 என்பது விண்ணப்பிக்கும் தகுதி மட்டுமே. பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ் போன்ற வளாகங்களுக்கு அது வாசற்படிகூட இல்லை.

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவி): அக்கா, ஒன்பதாவதில் அல்ஜீப்ரா 1 முதல் செமஸ்டர் டி, இங்கிலீஷ் ரெண்டாம் செமஸ்டர் டி. ரெண்டையும் திரும்ப எடுக்கணுமா? ஒரு சி-யும் இருக்கு, அதையும் மாத்தலாமா?

பதில்: மூன்றுக்கும் மூன்று விதமான பதில், அம்மா.

அல்ஜீப்ராவைத் திரும்ப எடுக்க வேண்டாம். கணக்கிலும் ஆங்கிலம் அல்லாத மொழிப் பாடத்திலும் மேல்நிலைப் பாடம் கீழ்நிலையைச் சரிக்கட்டும் என்பது யூசி விதி. இரண்டாம் செமஸ்டரில் சி-யோ அதற்கு மேலோ வாங்கியிருந்தாலே முதல் செமஸ்டர் டி நிறைவானதாக எடுத்துக்கொள்ளப்படும். அல்ஜீப்ரா 2-இல் சி வாங்கினாலும் அப்படியே. ஜியாமெட்ரியை மட்டும் எடுக்காமலே தாண்ட முடியாது.

இங்கிலீஷுக்கு இந்தச் சலுகை இல்லை. பத்தாவது இங்கிலீஷில் ஏ வாங்கினாலும் ஒன்பதாவது டி அப்படியே ஓட்டையாக நிற்கும். நாலு வருஷ இங்கிலீஷ் கேட்கிறார்கள், உனக்கு மூன்றரைதான் ஆகும். அந்த செமஸ்டரைத் திரும்ப எடுத்தே ஆகணும்.

சி-யைத் தொடாதே. டி, எஃப் மட்டும்தான் திரும்ப எடுத்தால் மாறும். சி-யைத் திரும்ப எடுத்து ஏ வாங்கினாலும் யூசி பழைய சி-யைத்தான் எடுக்கும். ஒரு கோடை வீண்.

எங்கே எடுப்பது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பள்ளி தரும் கிரெடிட் ரெகவரி (தவறிய பாடத்தைத் திரும்ப முடிக்கும்) ஆன்லைன் பாடங்கள் எல்லாமே ஏ-ஜி அங்கீகாரம் பெற்றவை அல்ல. பாடம் முடியும், டிப்ளமாவுக்கு கிரெடிட் வரும், யூசி-க்குச் செல்லாது. சேருவதற்கு முன் யூசி-யின் ஏ-ஜி பாடப் பட்டியலில் அந்தப் பள்ளியின் பெயரைத் தேடி, அதே பாடத் தலைப்பு இருக்கிறதா என்று பார். கவுன்சிலர் "ஓகே" சொன்னாலும் நீயே பார்.

கேள்வி (சான் ஹோசே அப்பா): கம்யூனிட்டி காலேஜில் (ஊரிலுள்ள இரண்டாண்டுக் கல்லூரி) கோடையில் எடுத்தால் நல்லதா?

பதில்: நல்லது, கூர்மையான கத்தி மாதிரி. யூசி-க்கு மாற்றத்தக்க ஒரு செமஸ்டர் காலேஜ் பாடம், பள்ளியின் ஒரு முழு ஆண்டுப் பாடத்துக்குச் சமம். ஆனால் அந்த கிரேடு ஆயுசுக்கும் காலேஜ் டிரான்ஸ்கிரிப்டில் (கிரேடு பதிவேட்டில்) இருக்கும். பின்னால் எந்தக் கல்லூரி கேட்டாலும் காட்ட வேண்டும். கோடையில் ஒரு செமஸ்டரை ஆறு, எட்டு வாரத்தில் முடிப்பார்கள். ஒன்பதாவதில் தடுமாறிய பிள்ளைக்கு முதல் தடவையே கெமிஸ்ட்ரி எடுத்துக் கொடுக்காதீர்கள். லேசான ஒன்றில் ஆரம்பியுங்கள். பிடிக்காவிட்டால் டிராப் கடைசி தேதிக்குள் விலகிவிட வேண்டும். காலேஜுக்குப் போவதை நிறுத்தினால் மட்டும் போதாது, முறைப்படி டிராப் செய்யாவிட்டால் எஃப் விழலாம்.

கேள்வி (டப்ளின் அம்மா): பொண்ணுக்கு ஒன்பதாவதில் உடம்பு சரியில்லாமல் ரெண்டு மாசம் பள்ளிக்கே போகலை. இதை எஸ்ஸேயில் எழுதலாமா? கவுன்சிலர் கடிதம் போதுமா?

பதில்: யூசி-க்குக் கவுன்சிலர் கடிதம் பொதுவாகப் போகாது. அதனால் பிள்ளையே சொன்னால்தான் உண்டு. யூசி விண்ணப்பத்தில் கூடுதல் குறிப்புகள் என்று 550 சொல் வரை ஓர் இடம் இருக்கிறது. அங்கே எழுதுங்கள். எஸ்ஸே பகுதியின் எட்டுக் கேள்விகளில் நாலைத் தேர்ந்தெடுத்து, தலா 350 சொல்லில் பதில் எழுதும் இடத்தை இதற்கு வீணாக்க வேண்டாம். நோய் அவளை நிஜமாகவே வேறொரு வழிக்குத் திருப்பியிருந்தால் மட்டும் விதிவிலக்கு.

550 இருக்கிறது என்று 550-ஐயும் நிரப்பாதீர்கள். 80 முதல் 120 சொல் போதும். பெரும்பாலான வரைவுகள் இப்படித்தான் ஆரம்பிக்கும்: "ஒன்பதாம் வகுப்பு என் வாழ்க்கையின் இருண்ட காலம். ஆனாலும் நான் துவளவில்லை." இதில் தகவலே இல்லை. இப்படி இருக்கட்டும்:

"ஒன்பதாம் வகுப்பு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை உடல்நலக் குறைவால் 38 நாள் பள்ளிக்குச் செல்லவில்லை. முதல் செமஸ்டர் பயாலஜியிலும் அல்ஜீப்ராவிலும் டி வந்தது அப்போதுதான். ஜனவரியில் திரும்பியபின் இரண்டிலும் பி. கோடையில் பயாலஜி முதல் செமஸ்டரைத் திரும்ப எடுத்து ஏ வாங்கினேன். பத்தாம் வகுப்பிலிருந்து சி-க்குக் கீழ் எதுவும் இல்லை."

எந்த மாதம், எந்தப் பாடம், என்ன செய்தாள், இப்போது எப்படி. அவ்வளவே. நோயின் பெயர் கட்டாயமில்லை. டீச்சர் சரியில்லை என்ற வரி மட்டும் எங்கும் வேண்டாம். அது உண்மையாகவே இருந்தாலும் பிள்ளைக்குத்தான் கெடுதல்.

கேள்வி (சான் ரமோன் அப்பா): ஒன்பதாவது பாதியில் சென்னையிலிருந்து வந்தோம். அங்கே வாங்கிய மார்க்கை ஏ, பி-யாக மாற்றிப் போடலாமா?

பதில்: மாற்றாதீர்கள். வெளிநாட்டுப் பள்ளியில் வாங்கியதை அங்கே இருந்தபடியே ஏற்றச் சொல்கிறது யூசி. ஆறாம் வகுப்பிலோ அதற்கு மேலோ இரண்டாண்டாவது தமிழ்வழியில் படித்திருந்தால் ஆங்கிலம் அல்லாத மொழி நிபந்தனை அதிலேயே நிறைவேறும். இங்கே வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் படித்ததற்கும் சில பள்ளி மாவட்டங்கள் கிரெடிட் தருகின்றன. டிரான்ஸ்கிரிப்டில் ஏறிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காமன் ஆப் (பல கல்லூரிகளுக்கும் ஒரே விண்ணப்பம்) வழியாகப் போகும் பிரைவேட் காலேஜ்களுக்கும் இதேதானா?

பதில்: இல்லை. அங்கே பெரும்பாலும் நாலு வருஷமும் பார்ப்பார்கள், கவுன்சிலர் அறிக்கையும் போகும். பதினொன்று முடிவதற்குள் கவுன்சிலரைச் சந்தித்து, அந்த வருஷம் நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். முன்னூறு பிள்ளைகளைப் பார்க்கும் மனிதருக்கு ஞாபகம் இருக்காது.

கேள்வி (ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்): எங்க ஊரில் ரேங்க்தானே?

பதில்: ஆமாம். யூடி ஆஸ்டினின் (ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம்) தானியங்கிச் சேர்க்கை 2026 இலையுதிர் பருவத்திலிருந்து பள்ளி ரேங்கில் முதல் 5 சதவீதத்துக்குத்தான். ரேங்கில் ஒன்பதாம் வகுப்பும் சேரும் என்பதால் அந்தக் கதவு உங்களுக்குச் சாத்திவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வெளியே கோப்பை முழுசாகப் படித்து எடுக்கும் வழி இருக்கிறது. உழைப்பை அங்கே போடுங்கள்.

கேள்வி (ஃப்ரிமாண்ட் அம்மா மறுபடி): பத்தாவதும் சொதப்பிட்டா?

பதில்: அப்போது ஓலோனி, டி ஆன்சா மாதிரி கம்யூனிட்டி காலேஜ் வழி. நம் ஆட்கள் அதைத் தோல்வி மாதிரிப் பேசுவது அநியாயம். இரண்டாண்டில் 60 செமஸ்டர் யூனிட் (டி ஆன்சாவின் குவார்ட்டர் கணக்கில் 90) முடித்து யூசி-க்கு மாறும்போது ஹைஸ்கூல் கிரேடுகள் கணக்கிலேயே வராது. டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா க்ரூஸ் ஆகிய ஆறு யூசி வளாகங்களும் நிபந்தனையை நிறைவேற்றினால் இடம் உறுதி என்று எழுதியே தருகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் டியாகோ தருவதில்லை. இந்த உறுதிக்கான விண்ணப்பம் செப்டம்பர் 1 முதல் 30 வரை மட்டுமே. வழக்கமான விண்ணப்பத்தோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்து தவறவிடுகிறவர்கள் உண்டு. சில மேஜர்களுக்கு இந்த உறுதி கிடையாது, கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்றால் வளாகம் வளாகமாகப் பாருங்கள்.

கேள்வி (பன்னிரண்டாம் வகுப்பு மாணவன்): அட்மிஷன் வந்துருச்சு. இனி ரிலாக்ஸ் பண்ணலாம்ல?

பதில்: தம்பி, அது நிபந்தனையோடு வந்த கடிதம். பன்னிரண்டாவதில் டி விழுந்தால் இடத்தையே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். டி வரும்போல இருந்தால் வந்தபின் அல்ல, இப்போதே வளாகத்துக்கு எழுது.