15 நிமிடப் பேச்சுக்கு 40 ஸ்லைடு வேண்டாம்

வணக்கம். போச்சம்பள்ளியில் மா விவசாயிகளிடம் பழ ஈ பற்றி 15 நிமிடம் பேச வேண்டும், 40 ஸ்லைடு கையில் இருக்கிறது, எதைக் குறைப்பது என்று கேட்டிருந்தீர்கள். ஆறு போதுங்க.

பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சிப் படத்தோடு ஆரம்பிக்காதீர்கள். புழு விழுந்த பெங்களூரா மாம்பழம் ஒன்றைக் கொண்டுபோய் எல்லோர் முன்னாலும் அறுத்துக் காட்டுங்கள். சதைக்குள் வெள்ளைப் புழு நெளிவதைப் பார்த்ததும் பின்வரிசைக்காரரும் எழுந்து வருவார்.

அப்புறம், ஈயை இழுக்கும் ‘மெத்தில் யூஜினால்’ என்ற வாசனைப் பொருள் வைத்த பொறியை அவர்கள் கையிலேயே கொடுங்கள். அது ஆண் ஈயை மட்டும்தான் இழுக்கும். "முட்டை இடுவது பெண் ஈதானே?" என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். ஆண் குறைந்தால் இணைசேர்வதும் குறையும் என்பதை அவசரப்படாமல் விளக்குங்கள். கேள்விகளுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

முந்தைய நாள் கடிகாரம் வைத்து, வாய்விட்டுப் பேசிப் பாருங்கள்.