மாநாட்டு மேசையில் ரோல்பிளே ஆட்டத்தை நேரத்துக்குள் முடிப்பது எப்படி?

ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாக மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவதுதான் ரோல்பிளே ஆட்டம். நீங்கள் அதை நடத்துபவரா? நண்பர்களுடன் ஆடும்போது கதை பாதியில் நின்றால் அடுத்த வாரம் தொடரலாம். விளையாட்டு ரசிகர்கள் கூடும் மாநாட்டில் அந்த வசதி கிடையாது. பெரும்பாலும் 4 மணி நேரம்தான், எதிரே அறிமுகமில்லாத ஐந்தாறு பேர். ஆகவே இறுதிச் சண்டைக்குக் கடைசி ஒரு மணி நேரத்தை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். நேரம் போதாவிட்டால் எந்தக் காட்சியை வெட்டலாம் என்பதையும் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். நான் வழக்கமாகப் பலியிடுவது வழியில் வரும் சில்லறைச் சண்டையை; இதுவரை யாரும் அதைத் தேடியதில்லை.

கதாபாத்திரங்களின் திறன்களைக் குறிக்கும் பாத்திரத் தாள்களை முன்பே நிரப்பி, ஆட்களின் எண்ணிக்கையைவிட இரண்டு கூடுதலாகக் கொண்டுபோங்கள்.

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அட்வென்ச்சரர்ஸ் லீக், பாத்ஃபைண்டர் சொசைட்டி போன்ற, பல இடங்களில் ஒரே விதிகளோடு ரோல்பிளே ஆட்டங்கள் நடக்கும் அமைப்புகளில் ஆடுபவர்கள் தங்கள் சொந்தப் பாத்திரத்தையே மேசைக்கு மேசை எடுத்துச் செல்கிறார்கள். அங்கே நீங்களே வகுத்துக்கொண்ட வீட்டு விதிகளை மூட்டை கட்டி வைத்துவிடுங்கள்; நீங்கள் தாராளமாக அள்ளிக் கொடுத்த மந்திர வாள் அடுத்த மேசையில் செல்லாது.